ஜூலையில் எந்தத் தீவு?

கோத்தகிரியில் அறை வாடகைக்கு விட்டுப் பிழைக்கிறவர்களுக்கு ஏப்ரலும் மேயும் விடுமுறை மாதங்கள் அல்ல. நேரு பூங்காவில் காய்கறிக் கண்காட்சி தொடங்கி, ஊட்டியில் மலர்க் கண்காட்சியும் குன்னூர் சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சியும் முடிகிற வரையில், கம்பளி உலர்த்தவும், வெந்நீர் வரவில்லை என்று குரல் கொடுக்கிற அறைக்கு ஓடவும், இ-பாஸ் எடுப்பது எப்படி என்று தொலைபேசியில் விளக்கவுமே பொழுது சரியாக இருக்கும். ஜூன் நடுவில் கூட்டம் வடிந்து, சாரலும் காற்றும் ஏறி, அறைகள் காலியாகும்போதுதான் ஊரைவிட்டு நகர எங்களுக்கு வழி பிறக்கிறது. செப்டம்பரில் இரண்டாம் சீசன் வந்துவிடும். ஆகவே எங்கள் வீட்டில் எல்லோரும் சேர்ந்து கடற்கரைக்குப் போவதென்றால் அது ஜூலையில், தவறினால் ஆகஸ்டில்தான்.

இந்த நிபந்தனையை முதலில் வைத்துக்கொண்டதால்தான் தீவைத் தேர்ந்தெடுப்பது எளிதாயிற்று. பெரும்பாலோர் தீவின் பெயரைத்தான் முதலில் முடிவுசெய்கிறார்கள். மாலத்தீவு, பாலி, அந்தமான் என்று ஏதோ ஒரு பெயர் மனத்தில் விழுந்துவிட்டால், விடுப்புக் கிடைக்கிற மாதத்தை அதன்மேல் எப்படியாவது ஒட்டவைத்துவிடுகிறார்கள். வெப்பமண்டலத் தீவுகளில் ஆண்டு முழுவதும் வெயிலின் அளவு அவ்வளவாக மாறுவதில்லை. மாறுவதெல்லாம் காற்றும் மழையும் அலையும்தான். நமக்குக் கிடைக்கிற மாதம் எது, அந்த மாதத்தில் காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது, அந்தக் காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருக்கிற கரை எது என்ற வரிசையில் கேட்டுக்கொண்டே போனால், தீவின் பெயர் கடைசியில் தானாக வந்து நிற்கும்.

நீலகிரிக்காரர்களுக்கு இது புதிய பாடம் அன்று. ஜூலையில் கூடலூர், தேவாலா, பந்தலூர்ப் பக்கம் வெளியே தலைகாட்ட முடியாதபடி மழை பெய்துகொண்டிருக்கும். அதே நாளில் கோத்தகிரியில் பனிமூட்டமும் தூறலும் காற்றும்தான், துணி உலராதே தவிர மழை என்று பெரிதாகச் சொல்ல ஒன்றும் இராது. ஐப்பசி பிறந்ததும் முறை மாறும்: கூடலூர்க்காரர்கள் மூச்சு விட்டுக்கொள்ள, குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் மழை வந்து சேரும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டித் தீர்த்தது தென்மேற்குப் பருவமழை. 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் பெய்து, மலையெங்கும் மண் சரிந்து, நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தது வடகிழக்குப் பருவமழையில். அவலாஞ்சிக்கும் கேத்திக்கும் நேர்கோட்டில் அளந்தால் 30 கிலோமீட்டர்கூட வராது. நடுவில் நிற்கிற மலை ஒரு காற்றின் நீரை ஒரு பக்கத்திலேயே பிழிந்து வைத்துக்கொண்டு, மறுபக்கத்துக்கு வறண்ட காற்றை அனுப்புகிறது; சில மாதம் கழித்து அதையே திருப்பிச் செய்கிறது.

இலங்கையின் நடுவிலும் இதே போன்ற ஒரு மலைக்கூட்டம் நிற்கிறது. நமது தொட்டபெட்டா 2,637 மீட்டர் உயரம். அவர்களுடைய பீதுருதாலகாலை 2,524 மீட்டர். மே முதல் செப்டம்பர் வரை வீசுகிற தென்மேற்குக் காற்று பெந்தோட்டை, ஹிக்கடுவை, உனவட்டுனை, மிரிசை ஆகிய தென்மேற்குக் கரைகளில் அலையை உயர்த்தி, மலையின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, கிழக்கே இறங்கும்போது வெறும் அனல்காற்றாகத்தான் இறங்குகிறது. அதனால் அந்த மாதங்களில் திருகோணமலை, நிலாவெளி, பாசிக்குடா ஆகிய கிழக்குக் கரைகளில் கடல் குளம்போலக் கிடக்கும். டிசம்பர் முதல் மார்ச் வரை அப்படியே தலைகீழ். “இலங்கைக்குப் போக நல்ல மாதம் எது” என்ற கேள்வியே பாதிக் கேள்விதான்; எந்தக் கரைக்கு என்று சேர்த்துக் கேட்டால்தான் பதில் சொல்ல முடியும். தாய்லாந்திலும் இதே கதைதான். புக்கெட், கிராபி ஆகியவை அந்தமான் கடலைப் பார்த்தவை. மே முதல் அக்டோபர் வரை அங்கே மழைக்காலம், கடலில் இறங்காதீர்கள் என்று சிவப்புக் கொடி நட்டிருக்கும் நாட்கள் அதிகம். மறுபக்கம் வளைகுடாவில் இருக்கிற சாமுய் தீவு ஜூலையில் நன்றாக இருக்கும். அதற்கு மழை நவம்பரில்தான்.

எங்கள் பட்டியலில் முதலில் அடிபட்டவை நம் நாட்டுத் தீவுகள். அந்தமானுக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் பெய்கிற இடத்தில் ஜூலையில் போய் உட்கார்ந்தால், ராதாநகர் கடற்கரையைக் குடைக்கு அடியிலிருந்துதான் பார்க்கவேண்டியிருக்கும். ஹேவ்லாக், நீல் ஆகிய தீவுகளுக்கு (இப்போது அரசுப் பெயர்கள் சுவராஜ் தீவு, ஷாகீத் தீவு, படகுக்காரர்கள் இன்னும் பழைய பெயரைத்தான் கூவுகிறார்கள்) படகில்தான் போயாகவேண்டும் என்பதால், கடல் கொந்தளித்தால் போன இடத்திலேயே மாட்டிக்கொள்ளும் அபாயமும் இருக்கிறது. 2016 டிசம்பரில் புயல் வந்தபோது ஹேவ்லாக்கில் சிக்கிக்கொண்ட சுற்றுலாப் பயணிகளைக் கடற்படைக் கப்பல்கள் வந்து மீட்டது நினைவிருக்கலாம். லட்சத்தீவு இன்னும் கடினம். தென்மேற்குக் காற்று நேராக அதன்மேல்தான் அடிக்கிறது. கொச்சியிலிருந்து செல்லும் கப்பல் பயணமும் அந்த மாதங்களில் வயிற்றைப் புரட்டிவிடும். மேட்டுப்பாளையம் சாலையின் கொண்டை ஊசி வளைவுகளில் கண்ணை மூடிக்கொண்டு தூங்குகிற எங்களுக்கும் கடலின் ஆட்டம் வேறு என்பதை இங்கே சொல்லிவிடவேண்டும்.

மாலத்தீவை அடிப்பதற்கு எங்கள் மகள் எளிதில் ஒப்பவில்லை. கோவையில் நாங்கள் விசாரித்த ஒரு டிராவல்ஸில் ஜூலை மாதத்துக்குப் பெரிய தள்ளுபடி போட்டிருந்தார்கள். கண்ணாடிபோன்ற நீரின்மேல் மரக்குடில்கள் நிற்கிற படத்தைக் காட்டி, இந்த விலை டிசம்பரில் கிடைக்காது என்றார்கள். அவர்கள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. டிசம்பரில் கிடைக்காததற்குக் காரணம், டிசம்பரில் மழை விட்டுவிடுகிறது என்பதுதான். அதை மட்டும் அவர்கள் சொல்லவில்லை. நாங்களும் ஜூலையில் அறை வாடகையைப் பாதியாகக் குறைப்பவர்கள் என்பதால், குறைந்த விலைக்குப் பின்னால் என்ன இருக்கும் என்று எங்களுக்குத் தெரியும். மே முதல் அக்டோபர் வரை அங்கே தென்மேற்குப் பருவக்காற்றின் காலம். நாள் முழுவதும் மழை பெய்யும் என்பதில்லை. இடையிடையே நல்ல வெயிலும் உண்டு. ஆனால் நாலு நாளுக்குப் பணம் கட்டிவிட்டுப் போகிறவர்களுக்கு இரண்டு நாள் மழை என்றால் அது பாதிப் பணம்.

விலையையும் முழுதாகக் கூட்டிப் பார்க்கவேண்டும். அறை வாடகையின்மேல் 10 சதவீதம் சேவைக் கட்டணம், 17 சதவீதம் சுற்றுலா வரி. அதன்மேல் ரிசார்ட்டில் தங்கினால் ஆளுக்கு ஓர் இரவுக்கு 12 அமெரிக்க டாலர் பசுமை வரி. மாலே விமான நிலையத்திலிருந்து தீவுக்கு விரைவுப் படகோ கடல்விமானமோ பிடிக்கத் தனிக் கட்டணம். கடல்விமானங்கள் பகலில் மட்டுமே பறப்பதால், மாலையில் போய் இறங்குகிறவர்கள் ஓர் இரவை மாலேயிலேயே கழிக்கவேண்டும். மக்கள் வாழும் தீவுகளில் 2009-க்குப் பிறகு வந்த விருந்தினர் இல்லங்கள் இதைவிட மிகவும் மலிவு. மாஃபுஷி போன்ற இடங்களில் நடுத்தரக் குடும்பங்களும் தங்கமுடிகிறது. ஒன்று மட்டும் உண்மை: பா அடோல் என்ற தீவுக்கூட்டத்தில் ஹனிஃபாரு விரிகுடாவில் மான்ட்டா திருக்கைகள் கூட்டமாக வருவது இந்தத் தென்மேற்குக் காலத்தில்தான். அதைப் பார்ப்பதற்காகவே போகிறவர்களுக்கு ஜூலை சரியான மாதம். எங்களுக்கோ, நீந்தவே தெரியாது.

நீச்சலைப் பற்றி இங்கே சொல்லவேண்டியிருக்கிறது. மலையில் பிறந்து வளர்ந்தவர்களில் நீந்தத் தெரிந்தவர்கள் குறைவு. குளம் குட்டை இருந்தாலும் நீரின் குளிர்ச்சிக்கு யாரும் கால் வைப்பதில்லை. ஏரி என்றால் படகு, அருவி என்றால் வேடிக்கை. இப்படிப்பட்ட ஒரு குடும்பம் கடற்கரைக்குப் போகும்போது, மணல் எவ்வளவு வெண்மை, நீர் எவ்வளவு நீலம் என்பதைவிட, நீர் எவ்வளவு ஆழம், அலை எங்கே உடைகிறது என்பதே பெரிய கேள்வி. பவளப்பாறை கரையை வேலிபோலச் சுற்றியிருந்தால் அலை அந்தப் பாறையிலேயே உடைந்துவிடும். உள்ளே இருப்பது காயல், அதில் பயமில்லாமல் நிற்கலாம். பாறை இல்லாத திறந்த கரையில் அலை நம் காலடியில் வந்து உடையும். திரும்பிப் போகிற நீர் ஒரே வாய்க்காலாகச் சேர்ந்து ஆளை உள்ளே இழுத்துக்கொண்டு போகும். அதில் சிக்கினால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகரவேண்டும் என்கிறார்கள். நீந்தத் தெரியாதவர்களுக்கு அந்த அறிவுரையால் என்ன பயன்? அப்படிப்பட்ட கரைக்கே போகாமலிருப்பதுதான் வழி.

இந்தக் கேள்வியைப் போட்டதும் மிச்சமிருந்த பட்டியலும் சல்லடையில் சலித்ததுபோலச் சுருங்கிவிட்டது. பாலியில் ஜூலை நல்ல வறண்ட காலம். ஆனால் பெயர்பெற்ற குட்டா கரை அலைச்சறுக்கு ஆடுகிறவர்களுக்கானது, நம்மைப் போன்றவர்கள் கிழக்கே பவளப்பாறைக்குள் இருக்கும் சனூருக்குத்தான் போகவேண்டும். மலேசியாவின் கிழக்குக் கரையில் பெர்ஹெந்தியான், ரெடாங் ஆகிய தீவுகள் நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஏறக்குறைய மூடியே கிடந்தாலும் ஜூலையில் அருமையானவை. திருச்சியிலிருந்து கோலாலம்பூர் விமானம் ஏறி, அங்கிருந்து இன்னொரு விமானம், பிறகு வண்டி, பிறகு படகு. மொரீசியசுக்கு நம்மவர்களுக்கு விசா வேண்டாம். பணத்தாளில் தமிழ் எழுத்தைப் பார்க்கலாம், தைப்பூசத்துக்கு அரசு விடுமுறை விடுகிற நாடு. ஆனால் பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருப்பதால் ஜூலை அங்கே குளிர்காலம். கடல்நீர் 23 டிகிரி அளவுக்கு இறங்கிவிடும். தென்கிழக்குக் காற்று அடிப்பதால் கிழக்குக் கரையை விட்டுவிட்டு மேற்கில் ஃபிளிக் ஆன் ஃபிளாக் பக்கம்தான் தங்கவேண்டும். குளிரிலிருந்து தப்பிக்கப் போகிறவர்கள் குளிர்காலத்துக்குள் போய் இறங்குவதா என்று என் கணவர் கேட்டதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

கடைசிச் சொல் அத்தையுடையது. அவருக்கு முழங்கால் வலி. படகில் ஏற ஒரு கை, இறங்க ஒரு கை என்று மாற்றி மாற்றி இறக்கிக்கொண்டிருக்க முடியாது. விமானம் மாறி மாறி ஏறுவதும் ஆகாது. சாலை வழியாகவே கரைவரை போகமுடிகிற தீவு வேண்டும், சாப்பாட்டுக்கு அரிசியும் குழம்பும் வேண்டும், பேச்சு புரியவேண்டும். இவ்வளவையும் கூட்டினால் ஜூலையில் ஒரே விடைதான்: இலங்கையின் கிழக்குக் கரை.

எங்கள் ஊரில் இலங்கை என்ற பெயரை எடுத்தால் அது வெறும் சுற்றுலாப் பேச்சாக நிற்காது. இலங்கைத் தோட்டத் தமிழர்களில் ஒரு பகுதியினரை இந்தியா ஏற்றுக்கொள்ள வகைசெய்து 1964-இல் கையெழுத்தான சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு, அந்த மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள் கோத்தகிரி, குன்னூர், கூடலூர், பந்தலூர் எங்கும் இருக்கிறார்கள்; அவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968-இல் அரசுத் தேயிலைத் தோட்டத் திட்டமே தொடங்கியது, அதுதான் பிறகு டான்டீ என்கிற தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம் ஆனது. எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டி ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர். திருகோணமலைக்குப் போகிறோம், என்ன பார்க்கவேண்டும் என்று அவரிடம் கேட்டேன். “அந்தப் பக்கமெல்லாம் நான் எங்க தாயி கண்டேன்? தோட்டத்தை விட்டா தலைமன்னாரு. கப்பலேற வந்த அன்னிக்குத்தான் கடலையே பாத்தேன்” என்றார். எனக்குச் சற்று நேரம் பேச்சு எழவில்லை. இலங்கையிலிருந்து வந்தவர் என்றால் கடல் தெரிந்திருக்கும் என்று நாமாக நினைத்துக்கொள்கிறோம். அவர் தெரிந்துகொண்டிருந்தது இங்கே இருப்பது போன்ற இன்னொரு மலையைத்தான்.

பயணம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மேட்டுப்பாளையத்தில் இரவு நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினால் விடியலில் சென்னை. அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கு விமானம். பலாலி விமான நிலையம் 2019-இல் மறுபடியும் வெளிநாட்டு விமானங்களுக்குத் திறக்கப்பட்டதால் கொழும்பு சுற்றிப் போகவேண்டியதில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து திருகோணமலைக்கு வேன் பிடித்தோம். நாகப்பட்டினம் – காங்கேசன்துறைப் பயணிகள் கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடத்தொடங்கியது. இளவட்டங்கள் அதில் போகலாம், அத்தையை வைத்துக்கொண்டு நாங்கள் துணியவில்லை. விசா விதிகளைப் புறப்படுவதற்கு முன் அரசின் இணையதளத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள், அடிக்கடி மாற்றுகிறார்கள்.

திருகோணமலையில் நிலாவெளிக் கரை நீண்டது, அகலமானது, ஜூலையில் அலை அடங்கியது. கரைக்கு எதிரே ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தொலைவில் புறாத்தீவு. 2003 முதல் தேசியப் பூங்கா. நீர்க்கண்ணாடியும் மூச்சுக்குழாயும் மாட்டிக்கொண்டு முழங்கால் அளவு நீரில் குப்புறப் படுத்தே, கறுப்பு முனைத் துடுப்புடைய சிறிய சுறாக்களை மகள் பார்த்துவிட்டு வந்தாள்; அவை ஆளை ஒன்றும் செய்வதில்லை. எனக்கு அங்கே பிடிக்காதது கூட்டம். ஒரே சிறு காயலில் படகு படகாக ஆட்களை இறக்குகிறார்கள். நிற்க இடம் தேடி உயிருள்ள பவளத்தின்மேலேயே காலை ஊன்றுகிறார்கள். காலையில் முதல் படகில் போய் வெயில் ஏறும் முன்பே திரும்பிவிடுவது நல்லது. கோணேசர் கோயில் சுவாமி மலையின் உச்சியில், கடலுக்கு நேர்மேலே நிற்கிறது. அத்தை அந்தப் படிகளில் மட்டும் முழங்கால் வலியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆனால் நாங்கள் போனதற்குப் பலன் பாசிக்குடாவில்தான் கிடைத்தது. திருகோணமலையிலிருந்து தெற்கே மூதூர், வாகரை வழியாக 100 கிலோமீட்டருக்குச் சற்று மேல். மட்டக்களப்புக்குச் சற்று முன்னால். பிறைபோல வளைந்த குடா அது. கரையிலிருந்து கடலுக்குள் நடந்துகொண்டே போகலாம், நீர் இடுப்புக்கு மேல் ஏறுவதற்குள் கரையில் இருப்பவர்கள் சிறுத்துப்போகிறார்கள். காலடியில் மணல் அலையலையாய் வரி வரியாக இறுகிக் கிடக்கிறது. பாசியோ கல்லோ தட்டுப்படவில்லை. குனிந்தால் நம் கால் நகம் தெரிகிறது, அதைச் சுற்றி விரல் நீளத்தில் ஒளி ஊடுருவும் குஞ்சு மீன்கள் ஒதுங்கி ஒதுங்கி வருகின்றன. நீரின் சூடு எனக்கு வியப்பாக இருந்தது. கோத்தகிரியில் காலையில் குழாயைத் திறந்தால் விரல் எலும்பு வலிக்கும். இங்கே குளிக்க வைத்த வெந்நீரை மறந்து ஆறவிட்டதுபோல ஒரு மிதமான சூடு, கடல் முழுவதும். அத்தை புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, முதலில் கணுக்கால், பிறகு முழங்கால் என்று இறங்கி, கடைசியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கழுத்தளவு நீரில் உட்கார்ந்துகொண்டு, அடுத்த அறைக்காரர்களோடு மீன் விலை பேசிக்கொண்டிருந்தார். அலை என்று ஒன்று வந்தது, அவருடைய தோளைத் தொட்டுவிட்டுப் போயிற்று, அவ்வளவுதான்.

குறை இல்லாமல் இல்லை. நாம் தேடிப்போகிற அந்த வறண்ட காற்றுக்கு அங்கே கச்சான் என்று பெயர். நடுப்பகலில் மேற்கிலிருந்து அது வீசும்போது வெளியே நிற்க முடியாது, மலைக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். காலை ஆறு முதல் எட்டரை வரை கடல், பிறகு அறை, மறுபடி மாலை நாலரைக்குமேல் கடல் என்று நாங்கள் பழகிக்கொண்டோம். குளிர்சாதனம் இல்லாத அறையை மலிவு என்று எடுத்துவிடாதீர்கள். எட்டரைக்குமேல் நீரில் நின்றால் நீருக்கு வெளியே இருக்கிற கழுத்தும் தோளும் வெந்துபோகும். உயரத்தில் இருக்கிற நமக்குச் சூரியன் சுடுவது குளிரில் தெரிவதில்லை, அங்கேயும் நீரில் நிற்கும்போது உடனே தெரிவதில்லை. முழுக்கைச் சட்டையோடு இறங்குவதே மேல். மேலும், கடற்கரையில் இரவு வெகுநேரம் வரை கொண்டாட்டம் வேண்டும் என்கிறவர்களுக்குப் பாசிக்குடா சலித்துவிடும். ஏழு மணிக்கு ஊர் அடங்கிவிடுகிறது. அலைச்சறுக்கு வேண்டுமென்றால் இன்னும் தெற்கே பொத்துவில் பக்கம் அறுகம்குடா இருக்கிறது, அது வேறு வகைக் கூட்டம், நீந்தத் தெரியாதவர்களுக்கான கடல் அன்று. உணவில் எந்தக் குறையும் இல்லை: புட்டு, இடியப்பம், சொதி, தேங்காய்ச் சம்பல், நல்ல மீன். வழியில் ஒரு கடையில் பிளேன்டீ (பால் சேர்க்காத தேநீர்) வாங்கிக் குடித்துவிட்டு, தேயிலை அறிந்தவரான என் கணவர் ஒன்றும் சொல்லாமல் இன்னொன்று கேட்டார். அவரிடமிருந்து அதுவே பெரிய சான்றிதழ்.

அறை தேர்ந்தெடுக்கும்போது நாங்கள் பார்த்த ஒரு முறையைச் சொல்கிறேன், எந்தத் தீவுக்கும் பொருந்தும். எங்கள் விடுதியின் இணையப் பக்கத்தில் இருக்கிற படங்கள் எல்லாம் பிப்ரவரியில் மூட்டம் இல்லாத ஒரு காலைநேரத்தில் எடுத்தவை. சமவெளி முழுவதும் தெரியும். ஜூலையில் வந்து சன்னலைத் திறக்கிறவர்களுக்கு எதிர்வீட்டுக் கூரைகூடத் தெரியாது. கடற்கரை விடுதிக்காரர்களும் எங்கள் சாதிதான். ஆகவே விடுதிக்காரர் போட்ட படத்தைப் பார்க்காமல், தங்கியவர்கள் போட்ட படங்களையும் கருத்துகளையும் மட்டும் எடுத்து, அதிலும் நாம் போகப்போகிற மாதத்தில் எழுதப்பட்டவற்றை மட்டும் பிரித்துப் படிக்கவேண்டும். பிப்ரவரியில் அறுபது பேர் புகழ்ந்திருக்கலாம். ஜூலையில் தங்கிய நாலு பேர் எழுதியதுதான் நமக்கு வேண்டியது. “நீச்சல்குளம் அருமை” என்று எல்லோரும் எழுதியிருந்தால், கடலில் யாரும் இறங்கவில்லை என்று பொருள். பிறகு விடுதிக்கே தொலைபேசியில் அழைத்து, கடல் எப்படி இருக்கிறது என்று கேட்காமல், இந்த வாரம் மீனவர்கள் கடலுக்குப் போகிறார்களா என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். இரண்டாவதற்கு உண்மை வரும்.

எங்களைப்போல ஜூலைக்குக் கட்டுப்படாமல், ஜனவரி கடைசி முதல் மார்ச் வரை விடுப்பு எடுக்க முடிகிறவர்களுக்கு நம் நாட்டுத் தீவுகளே போதும் என்பது என் எண்ணம். அந்தமானில் கடல் அடங்கியிருக்கும், தமிழ் பேசுகிறவர்களும் நிறைய. அங்கே இரண்டு செய்திகளை மட்டும் மனத்தில் வையுங்கள். நம் கடிகாரத்தையே கிழக்கே அவ்வளவு தூரம் கொண்டுபோய் வைத்திருப்பதால், குளிர்மாதங்களில் ஐந்து மணியைச் சுற்றியே பொழுது சாய்ந்துவிடும். மாலைக் கடல் என்று திட்டமிட்டால் மூன்று மணிக்கே கிளம்பவேண்டும். இரண்டாவது, அங்கே நீரேற்றமும் வற்றலும் அதிகம். நீல் தீவின் பரத்பூர்க் கரையில் காலையில் குளிக்க வாகாக இருந்த இடம் நீர் வற்றியபின் பாறையும் பவளத்துண்டுமாகக் கிடக்கும். நீரேற்ற நேரத்தை முதல்நாளே விடுதியில் கேட்டுக்கொண்டு அதற்கேற்றபடி நாளை வகுக்கலாம். சதுப்புநிலக் காடு கடலில் சேருகிற ஓரங்களில் உவர்நீர் முதலை உண்டு. எச்சரிக்கைப் பலகை வைத்திருக்கிற இடத்தில் இறங்கவே வேண்டாம்.

லட்சத்தீவு அதைவிட அழகானது, நீந்தத் தெரியாதவர்களுக்கு அதன் காயல்களைவிடப் பாதுகாப்பான நீர் நம் நாட்டில் வேறில்லை. மொத்தம் 36 தீவுகள், மக்கள் வாழ்வது பத்தில், எல்லாம் சேர்ந்து 32 சதுர கிலோமீட்டர்தான். ஆகவே இடமும் குறைவு, நுழைவு அனுமதி இந்தியர்களுக்கும் கட்டாயம். கொச்சியிலிருந்து கப்பல், இல்லாவிட்டால் அகத்திக்கு விமானம். அனுமதி கையில் வருவதற்கு முன் விமானச் சீட்டு எடுத்துவிட்டுத் தவிக்கிறவர்களை அறிவேன். எங்கள் மகள் இப்போது அதற்குத்தான் எங்களைக் கரைத்துக்கொண்டிருக்கிறாள். பொங்கல் கூட்டம் போனபிறகு விடுதியை யாராவது பார்த்துக்கொண்டால் யோசிக்கலாம் என்று சொல்லியிருக்கிறோம்.

எந்தத் தீவானாலும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை மலையிலிருந்து விமானம் பிடிக்கக் கிளம்புகிறவர்கள் ஒரு நாள் முன்னதாகவே மேட்டுப்பாளையமோ கோவையோ இறங்கிவிடவேண்டும். பர்லியார்ப் பக்கம் மண் சரிந்தால் குன்னூர்ச் சாலையை மூடி, எல்லா வண்டிகளையும் கோத்தகிரி வழியாகத் திருப்பிவிடுவார்கள். அன்று எங்கள் வீட்டு வாசலிலிருந்து மேட்டுப்பாளையம் போய்ச்சேரவே அரை நாள் ஆகிவிடும்.